முடிவு தெரிந்த கதையை எழுதிப் பிழைப்பது

புனேயில் உட்கார்ந்துகொண்டு தமிழில் காதல் நாவல் எழுதுகிறேன் என்று சொன்னால், நம் ஊர்க்காரர்கள் முதலில் கேட்பது, "உங்களது லவ் மேரேஜா?" மராத்திக்காரர்கள் கேட்பது, "இதற்குப் பணம் தருகிறார்களா?" எனக்கு இரண்டாவது கேள்விதான் பிடிக்கும். அதில் தொழிலுக்கு ஒரு மரியாதை இருக்கிறது. முதல் கேள்விக்குப் பதில் சொன்னால் கேட்டவர் முகம் வாடிவிடும். திருநெல்வேலி டவுனில் பெரியப்பா ஜாதகம் பார்த்து முடித்த கல்யாணம் என்னுடையது. வீட்டுக்காரருக்குச் சாக்கனில் வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை. எங்களுக்குள் நடந்த பெரிய சண்டைகளில் பாதி, கேஸ் புக் பண்ண மறந்தது யார் என்பதைப் பற்றியவை. இதை வைத்து ஒரு அத்தியாயம்கூடத் தேறாது.

பணம் தருகிறார்கள். எப்படித் தருகிறார்கள் என்பதைப் பிறகு சொல்கிறேன். இந்தத் தொழிலுக்கு வர நினைக்கிறவர்களுக்கு அதற்கு முன்னால் தெரியவேண்டியது ஒன்று இருக்கிறது.

காதல் நாவலை வாங்குகிறவர் முடிவு தெரிந்துதான் வாங்குகிறார். நாயகனும் நாயகியும் சேர வேண்டும். சேரவில்லையென்றால் அவரை ஏமாற்றியதாகத்தான் எடுத்துக்கொள்வார். அருணோதயம் வெளியிட்ட ரமணிசந்திரன் நாவல்களை வாடகை நூலகத்தில் வரிசையில் நின்று எடுத்துப் போன பெண்களில் எவரும் கடைசிப் பக்கத்தில் என்ன இருக்கும் என்று தெரியாமல் எடுத்துப் போகவில்லை. அட்டை கிழிந்து, முதல் நான்கு பக்கம் காணாமல் போன பிரதியையும் எடுத்துப் போவார்கள். பேருந்து நிலையக் கடைகளில் கிளிப் போட்டுத் தொங்கிய ராணிமுத்து, மாலைமதி, கண்மணி எல்லாவற்றுக்கும் இதே கதைதான். ராணிமுத்து 1969-இல் தொடங்கியது. என் அம்மா கைச்செலவுக் காசில் வாங்கிய முதல் அச்சுப் பொருள் அதுதான் என்பாள்.

முடிவு தெரிந்த கதையில் எழுதுகிறவருக்கு மிச்சமிருப்பது ஒரே கேள்வி. இவர்கள் இரண்டு பேரும் ஏன் இன்றைக்கே சேர முடியாது? புது நோட்டின் முதல் பக்கத்தில் நான் எழுதிவைப்பது இதைத்தான். பதில் வலுவாக இருந்தால் நாற்பது அத்தியாயம் ஓடும். சொத்தையாக இருந்தால் நாயகன் எவ்வளவு உயரமாக இருந்தாலும், எத்தனை கம்பெனிக்கு எம்.டி.யாக இருந்தாலும், பத்தாவது அத்தியாயத்தில் வாசகர் கொட்டாவி விடுவார்.

பழைய தடைகள் பெரும்பாலும் செத்துவிட்டன. கடிதம் கை மாறிப் போவது, பக்கத்து வீட்டு போனில் யாரோ தப்பாகச் செய்தி சொல்வது, ஹோட்டலில் இன்னொரு பெண்ணோடு பார்த்துவிட்டு அவள் தங்கை என்று கடைசியில் தெரிவது எல்லாவற்றையும் கைப்பேசி தின்றுவிட்டது. "யார் அந்தப் பொண்ணு?" என்று ஒரு வரி அனுப்பினால் தீரும் விஷயத்துக்கு இருநூறு பக்கம் அழ வைத்தால், இந்தக் காலத்து வாசகி நாயகியைத்தான் திட்டுவாள். நீலக் குறி விழுந்ததா இல்லையா என்று பார்க்கத் தெரிந்தவள் அவள்.

அதனால் நான் ஒரு சோதனை வைத்திருக்கிறேன். நாயகனையும் நாயகியையும் ஐந்தாவது அத்தியாயத்திலேயே ஒரு அறையில் உட்காரவைத்து, மனத்தில் இருப்பதை முழுக்கப் பேசவைத்துவிடுவேன். நோட்டில் மட்டும்தான், புத்தகத்தில் அல்ல. பேசி முடித்த பிறகும் பிரச்சினை அப்படியே நிற்கிறதா? நின்றால் அது நாவல். கரைந்துவிட்டால் சிறுகதைக்குக்கூடப் போதாது. எழுத வருகிற தங்கைகளுக்கு நான் சொல்லக்கூடியதில் இதைவிட உபயோகமானது வேறில்லை.

பேசினாலும் தீராத தடைகளுக்கு இந்த ஊரில் பஞ்சமில்லை. அவன் ஹிஞ்சவடியில் ஐ.டி.யில் இருக்கிறான், அவளுடைய அப்பாவுக்குச் சேலத்தில் வாரம் மூன்று முறை டயாலிசிஸ், பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை. யார் வேலையை விடுவது? கல்விக் கடன் முடியாத நாயகி, தங்கை கல்யாணம் வரை தன் கல்யாணத்தைப் பேசமாட்டாள். மூன்று மாத நோட்டீஸ் பீரியட், முன்பணம் கட்டிய ஃபிளாட், பேத்தியின் பேச்சே புரியாத பாட்டி. இதில் எவரும் கெட்டவர் இல்லை. கெட்டவர் இல்லாத தடைதான் எழுதக் கஷ்டம், படிக்க சுகம்.

பர்வதி மலைக்கு 103 படி ஏறினால், பேஷ்வா நானாசாகேப் காலத்தில் எழுந்த தேவதேவேஷ்வர் கோயிலோடு கார்த்திகேயனுக்கும் ஒரு கோயில் இருக்கிறது. மகாராஷ்டிர மரபில் கார்த்திகேயன் பிரம்மச்சாரி. பெண்கள் அவரைத் தரிசிக்கக்கூடாது என்று சொல்லும் குடும்பங்கள் இன்னும் இங்கே உண்டு. கார்த்திகைப் பௌர்ணமி கிருத்திகை நட்சத்திரத்தோடு கூடும் நாளில் மட்டும் விலக்கு. வள்ளியை யானை வைத்துப் பயமுறுத்திக் கல்யாணம் பண்ணிக்கொண்ட சாமியையா இப்படிச் சொல்கிறார்கள் என்று எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. திருச்செந்தூர்க்காரி ஒருத்தியை இந்த ஊர் வீட்டுக்கு மருமகளாக அனுப்பி, கழுத்தில் முருகன் டாலரோடு பூஜை அறைக்குள் நிறுத்திப் பாருங்கள். மாமியாரும் நல்லவர், மருமகளும் நல்லவள். இதை நான் ஒரு நாவலில் பயன்படுத்தினேன். வாசகர்கள் கதையை விட்டுவிட்டு முருகனைப் பற்றியே ஒரு வாரம் பேசினார்கள்.

பிரிவை எழுதுவது நமக்குப் புதிதல்ல. அகப்பாடல்களில் சேர்ந்திருக்கும் நேரத்தைவிடக் காத்திருக்கும் நேரமே அதிகம் பேசப்படுகிறது. தோழி, செவிலி, உடன்போக்கு என்று இன்றைய குடும்ப நாவலின் ஆட்கள் எல்லாரும் அங்கேயே வந்துவிட்டார்கள். இந்தப் பக்கத்திலும் அப்படியொரு சொத்து உண்டு. சாதவாகன மன்னன் ஹாலன் தொகுத்ததாகச் சொல்லப்படும் காதா சப்தசதி, மகாராஷ்டிரி பிராகிருதத்தில் அமைந்த காதல் பாடல்கள். அகப்பாடல்களோடு அதை ஒப்பிட்டு ஆய்வாளர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். ஜுன்னர் பக்கம் நாணேகாட் கணவாயில் சாதவாகனர் கல்வெட்டு இருக்கிறது. வணிகர்கள் கடலோரத்திலிருந்து மேட்டு நிலத்துக்கு ஏறிய வழி அது. மழைக்காலத்தில் அங்கே போய் நின்றால், போனவன் எப்போது வருவான் என்று ஒருத்தி வாசலில் நின்றிருப்பாள் என்று யாரும் சொல்லாமலே தோன்றும். எனக்கு ஒரு முழு நாவலுக்கு அந்த மழை போதுமானதாக இருந்தது.

தடை என்றதும் தமிழ்க் காதல் நாவலில் ஒரு பெரிய விவகாரம் வந்துவிடும். கட்டாயத் தாலி. பழிவாங்க வரும் நாயகன், மண்டபத்திலோ கோயிலிலோ அவள் கழுத்தில் தாலியைக் கட்டிவிடுவான். பிறகு மெல்ல மெல்லக் காதல். ஆன்ட்டி ஹீரோ கதை என்றாலே வாசிப்பு எண்ணிக்கை ஏறும் என்பது இந்தத் தொழிலில் எல்லாருக்கும் தெரியும். நான் எழுதுவதில்லை. எழுதுகிறவர்களைக் குறை சொல்ல வரவில்லை. அவர்களில் சிலருடைய வாக்கியம் என்னுடையதைவிட நன்றாக இருக்கும். ஆனால் எழுதினால் சட்டமாவது தெரிந்து எழுதுங்கள். பலவந்தத்தால் பெற்ற சம்மதத்தில் நடந்த திருமணத்தை ரத்து செய்யக் கேட்கலாம் என்கிறது 1955-ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு. அந்தப் பலவந்தம் ஓய்ந்த ஓராண்டுக்குள் மனுப் போட வேண்டும். எம்.பி.ஏ. படித்த நாயகிக்கு இது தெரியாமல் போவதெப்படி? தெரிந்தும் அவள் போகவில்லை என்றால் ஏன் என்று எழுதுங்கள். அங்கே ஒரு கதை இருக்கிறது. அறைவது, கையை முறுக்குவது, பிறகு ஒரு மருந்து தடவும் காட்சி, இதில் இல்லை.

மதம் தாண்டிய காதல் என்றால் 1954-ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டமே ஒரு திரைக்கதை. இருவரில் ஒருவராவது 30 நாள் குடியிருந்த மாவட்டத்தில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அது அலுவலகத்தில் எல்லாரும் பார்க்கும் இடத்தில் ஒட்டப்படும். ஆட்சேபம் வருகிறதா என்று 30 நாள் காத்திருக்க வேண்டும். அந்த முப்பது நாளில் எந்தச் சித்தப்பா அந்தப் பக்கம் எந்த வேலையாக வருவார் என்பது உங்கள் கையில். இதுபோன்ற ஒரு கடிகாரம் கதைக்குள் ஓடிக்கொண்டிருந்தால் வில்லனே தேவையில்லை.

இனி நாள் கணக்கு. இந்த ஊரின் பழைய பேட்டைகளில் மத்தியானம் ஒன்று முதல் நான்கு வரை கடையைச் சாத்திவிட்டுத் தூங்குவது பிரசித்தம். அதை வைத்து இவர்களே ஜோக் அடித்துக்கொள்வார்கள். எனக்கு அந்த மூன்று மணி நேரம்தான் ஆபீஸ். பிள்ளைகள் பள்ளியில், வீட்டுக்காரர் ஷிப்டில், கீழ்வீட்டு மராத்தி அம்மா காக்கூ உறக்கத்தில். இரவில் எழுதினால் எனக்குக் காதல் வசனம் வழவழவென்று வந்துவிடும்; மறுநாள் படிக்கக் கூச்சமாக இருக்கும். வெயிலில் எழுதினால் அளவாக வரும். விநாயகர் சதுர்த்திக்கு முந்தைய வாரங்களில் மாலை ஆனால் ஆற்றங்கரையில் டோல்-தாஷா மேளப் பயிற்சி தொடங்கிவிடும். ஜன்னல் கண்ணாடி அதிரும். அப்போது சண்டைக் காட்சிகளை எழுதிக்கொள்வேன். இதை நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை, காட்சிகளை வரிசையாகத்தான் எழுத வேண்டும் என்று யாரும் விதி போடவில்லை.

தொடர்கதையாக இணையத்தில் போடுகிறவர்களுக்கு ஏற்ற இறக்கம் மணிக்கணக்கில் நடக்கும். அத்தியாயத்தைப் போட்டுவிட்டுக் குக்கர் வைத்தால், மூன்றாவது விசிலுக்குள் முதல் கருத்து வந்துவிடும். "சூப்பர் சிஸ்", "ரைட்டர்ஜி இப்படி நிறுத்திட்டீங்களே", "அடுத்த யூடி எப்போ அக்கா?" அன்றைக்குச் சாம்பாரில் உப்புக் கூடினாலும் தெரியாது. இன்னொரு நாள் அதைவிட நல்ல அத்தியாயம் போட்டிருப்போம். ஒரு சத்தமும் இருக்காது. அன்றைக்குத் தமிழ்நாட்டில் முழு ஆண்டுத் தேர்வு நடந்துகொண்டிருக்கும். பாதி வாசகிகள் பிள்ளைகளை உட்காரவைத்துப் பாடம் சொல்லிக்கொண்டிருப்பார்கள். தீபாவளி வாரம், பொங்கல் வாரம், மார்ச் மாதம் மூன்றிலும் வாசிப்பு விழும். அந்த நாட்களில் திருத்த வேலையை வைத்துக்கொள்ளுங்கள், எண்ணிக்கையைப் பார்க்க வேண்டாம்.

கருத்துகளைப் படிப்பதில் எனக்கு ஒரு வழி உண்டு. வாசகி எதைச் செய்யச் சொல்கிறாளோ அதைச் செய்யமாட்டேன். எந்த இடத்தில் அவள் பேச்சு நின்றுபோகிறதோ அதைக் குறித்துக்கொள்வேன். "அந்த அத்தை கேரக்டரைக் கொன்னுடுங்க" என்று ஐம்பது பேர் சொன்னால் அத்தை நன்றாக வந்திருக்கிறாள் என்று அர்த்தம், நூறு வயசு இருக்கட்டும். எல்லாரும் "நைஸ் எபி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனால் அந்த அத்தியாயத்தில் ஒன்றுமே நடக்கவில்லை. ஒரு முறை ஒரு வாசகி, கண்புரை அறுவை முடிந்து படுத்திருக்கும் மாமியாருக்குத் தினமும் என் கதையைப் படித்துக் காட்டுவதாக எழுதியிருந்தார். நாயகியின் அண்ணனுக்கு யாராவது ஓர் அறை கொடுக்க வேண்டும் என்று மாமியார் சொல்லி அனுப்பியிருந்தார். நான் கொடுக்கவில்லை. அடுத்த நாவல் முடிகிற வரை அந்த அம்மாவின் மனத்தாங்கல் தீரவில்லை என்று மருமகள் பிறகு எழுதினார். விருது கிடைத்தால் இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது.

முழுக் கதையையும் எழுதி முடித்துவிட்டு அப்புறம் தொடராகப் போடுவது நல்லது. முடியாவிட்டால் கடைசி மூன்று அத்தியாயங்களையாவது எழுதிவைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் உலகம் நின்றுவிடும், வாசகி நிற்கமாட்டாள்.

ஊரை விட்டுத் தள்ளி இருந்து தமிழில் எழுதுகிறவர்களுக்கு ஒரு தனிப் பிரச்சினை, காதில் தமிழ் பழசாகிவிடுவது. நான் புறப்பட்டு வந்த வருடத்துத் தமிழ்தான் என் தலைக்குள் ஓடுகிறது. ரஸ்தா பேட்டிலும் கிர்க்கியிலும் தலைமுறைகளாக இருக்கும் தமிழர்கள் உண்டு. ராணுவமும் ஆயுதத் தொழிற்சாலையும் அழைத்துவந்த குடும்பங்கள் பல. அவர்கள் பேச்சு மராத்தி கலந்து, தாத்தா காலத்துச் சொற்களோடு, கேட்க அழகாக இருக்கும். ஆனால் கோயம்புத்தூரில் ஜிம்முக்குப் போகும் இருபத்தைந்து வயது நாயகன் அப்படிப் பேசமாட்டான். அதற்கு நான் நம்புவது அம்மாவும் அக்கா மகளும் அனுப்பும் வாய்ஸ் மெசேஜ்கள். அம்மா "ஏட்டி, என்னட்டி செய்யுத?" என்று தொடங்கி, தெருவில் நடந்த கல்யாணம் கருமாதி எல்லாவற்றையும் சொல்லி முடிப்பாள். அக்கா மகள் ஒரே வாக்கியத்தில் எல்லாவற்றையும் "கிரிஞ்ச்" என்று முடித்துவிடுவாள். இரண்டு பேரையும் அழிக்காமல் சேமித்துவைத்திருக்கிறேன். கன்னியாகுமரி எக்ஸ்பிரஸில் ஊருக்குப் போகும்போது காதில் எதையும் மாட்டிக்கொள்ளமாட்டேன். காட்பாடி தாண்டியதும் வண்டிக்குள் வசனம் தானாக ஏறும்.

தூரத்தில் இருந்து எழுதமுடியுமா என்று சந்தேகம் வந்தால் எழுத்தாளர் லக்ஷ்மியை நினைத்துக்கொள்வேன். டாக்டர் திரிபுரசுந்தரி 1955-இல் தென்னாப்பிரிக்காவுக்குப் போய் இருபது ஆண்டுகளுக்கு மேல் அங்கே இருந்தவர். மருத்துவத் தொழிலும் பார்த்தார், தமிழில் எழுதவும் செய்தார். 'ஒரு காவிரியைப் போல' நாவலுக்கு 1984-இல் சாகித்திய அகாதெமி விருது. வாய்ஸ் மெசேஜ் இல்லாத காலம் அது.

இளக்காரம் இந்தத் தொழிலோடு சேர்ந்தே வரும். "நீங்க சீரியஸா எதுவும் எழுதறதில்லையா?" என்று கேட்பார்கள். அப்போது இந்த ஊர் எனக்குக் கைகொடுக்கிறது. மராத்தியில் நா. சீ. ஃபட்கே என்றொருவர் (1894–1978), புனேயில் மறைந்தவர். தத்துவப் பேராசிரியர். வாழ்நாள் முழுக்கக் காதல் நாவல்களை எழுதிக் குவித்தார். எழுதியதோடு நிற்காமல் கதை கட்டும் கலையைப் பற்றி 'பிரதிபா சாதன்' என்று ஒரு நூலும் போட்டார். 1940-இல் ரத்னகிரியில் நடந்த மராத்தி இலக்கிய மாநாட்டுக்குத் தலைமை வகித்தார். 1962-இல் பத்மபூஷண் வாங்கினார். கலை கலைக்காகவே என்று அவர் சொல்ல, கலை வாழ்க்கைக்காக என்று வி. ஸ. காண்டேகர் சொல்ல, இருவருக்கும் நடந்த வாதம் மராத்தி இலக்கிய வரலாற்றில் ஒரு அத்தியாயம். காண்டேகரை கா. ஸ்ரீ. ஸ்ரீ. மொழிபெயர்ப்பில் தமிழ்நாடு தூக்கிக் கொண்டாடியது, ஃபட்கேயை நாம் அவ்வளவாகக் கண்டுகொள்ளவில்லை. எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம். வாதத்தில் காண்டேகர் பக்கம் நியாயம் அதிகம் என்றுதான் படுகிறது, ஆனால் காட்சி கட்டுவதைப் பற்றி உட்கார்ந்து யோசித்து எழுதியவர் மற்றவர்தானே. அப்பா பல்வந்த் சவுக்கில் பழைய புத்தகக் கடைகளில் அவருடைய நாவல்கள் இன்னும் கண்ணில் படும். என் மராத்தி தட்டுத்தடுமாறும் மராத்தி, காக்கூதான் உடன் உட்கார்ந்து படித்துச் சொல்வார். நடுவில் நிறுத்திவிட்டு, கல்லூரிக் காலத்தில் இதை ஒளித்துவைத்துப் படித்தோம் என்பார். அதற்கு மேல் அந்தக் கதையைச் சொல்லமாட்டார்.

பணத்துக்கு வருகிறேன். அச்சுப் புத்தகத்துக்குப் பொதுவாகப் பத்து சதவீத ராயல்டி என்பார்கள். மொத்தமாக ஒரு தொகை கொடுத்து முடித்துக்கொள்வதும் உண்டு. மின்னூலில், கிண்டில் 2016 டிசம்பரில் தமிழ் உள்ளிட்ட ஐந்து இந்திய மொழிகளில் நூல்களைக் கொண்டுவந்தது. அதன் பிறகு வீட்டில் இருந்தபடியே எழுதும் பெண்களின் கணக்கு மாறியது. அன்லிமிடெட் சந்தாவில் புத்தகத்தைச் சேர்த்தால், வாசகர் படித்த பக்கத்துக்குத்தான் காசு. ஒரு பக்கத்துக்கு எவ்வளவு என்பது மாதா மாதம் மாறும். ஜனவரியில் படித்ததற்கு மார்ச் கடைசியில்தான் வரும். எனவே இந்த மாதம் நிறையப் பேர் படிக்கிறார்கள் என்று இந்த மாதமே மிக்ஸி மாற்றிவிடக்கூடாது. இன்னொன்று, அந்தத் திட்டத்தில் சேரும் 90 நாளுக்கு மின் வடிவம் வேறு எங்கேயும் இருக்கக்கூடாது. தொடராகப் போட்ட அத்தியாயங்களை முதலில் எடுத்துவிட வேண்டும். அச்சுக்கு இந்தத் தடை இல்லை.

ஒப்பந்தத்தைப் படியுங்கள். "மேடம், நம்மகிட்ட என்ன பேப்பர், எல்லாம் நம்பிக்கைதான்" என்று சொல்பவர் உண்மையிலேயே நல்லவராக இருக்கலாம். அவருக்குப் பிறகு கடையைப் பார்க்க வரும் மகன் எப்படியோ. 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு எழுத்தாளருக்குச் சாதகமானது. உரிமையை எழுத்தில் கொடுத்திருக்க வேண்டும். எத்தனை ஆண்டுக்கு என்று குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு. எந்த நாட்டுக்கு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும். வாங்கிய உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், வேறு விதமாக எழுதியிருந்தாலொழிய, அது காலாவதி. அச்சு, மின்னூல், ஒலி மூன்றையும் தனித்தனி வரியாக எழுதச் சொல்லுங்கள். இன்றைக்குச் சமையலறையில் காய் நறுக்கிக்கொண்டே நாவல் கேட்கிறவர்கள் ஏராளம். ஒலி உரிமையை ஓசியில் தூக்கிக்கொடுத்துவிடாதீர்கள்.

வருமான வரியில் பழைய முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு, 2026 மார்ச் வரையிலான வருமானத்துக்கு 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 80 க்யூ.க்யூ.பி. பிரிவில் நூல் ராயல்டிக்கு 3 லட்சம் ரூபாய் வரை கழிவு உண்டு, நிபந்தனைகளோடு. புது முறையில் அது கிடையாது. ஆடிட்டரிடம் இந்த எழுத்துகளை உச்சரித்துப் பாருங்கள். பலர் உங்களை அப்போதுதான் நிமிர்ந்து பார்ப்பார்கள்.

திருட்டு பி.டி.எஃப். பற்றி எழுதினால் இந்தக் கட்டுரை நாவலாகிவிடும். காலையில் வெளியான புத்தகம் இரவுக்குள் ஏதோ ஒரு குழுவில் இருக்கும். அதைப் படித்துவிட்டு, "பி.டி.எஃப்.ல படிச்சேன் அக்கா, கண்ணுல தண்ணி வந்துருச்சு" என்று நமக்கே செய்தி அனுப்புவார்கள். எனக்கும்தான் வருகிறது. பதிப்புரிமைச் சட்டத்தின் 63-ஆம் பிரிவில் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை இருக்கிறது. போட்டித் தேர்வு நூல்கள் எழுதும் ஓர் ஆசிரியை தொடர்ந்த வழக்கில், திருட்டுப் பிரதி பரப்பிய சேனல்களை நடத்துபவர்களின் விவரத்தைக் கொடுக்கும்படி டெலிகிராமுக்கு டெல்லி உயர் நீதிமன்றம் 2022 ஆகஸ்டில் உத்தரவிட்டது. நான் வாரத்தில் ஒரு பொழுதை ஒதுக்கி, புகார் அனுப்ப வேண்டிய இடத்துக்கெல்லாம் அனுப்பிவிடுவேன். அந்தப் பொழுது தாண்டி அதைத் தேடிப் போவதில்லை. தேடினால் அந்த வாரம் நாயகன் எல்லாரிடமும் எரிந்து விழுகிறான்.

உடம்பையும் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. மணிக்கட்டு வலி இந்தத் தொழிலின் சீதனம். கைப்பேசியில் தமிழில் சொல்லச் சொல்ல எழுதும் வசதி 2017-லேயே வந்துவிட்டது. வசனத்துக்கு அது மிக நல்லது. வாயில் வராத வசனம் அங்கேயே மாட்டிக்கொள்ளும். வை. மு. கோதைநாயகி தன் முதல் நாடகமான 'இந்திர மோகனா'வைத் தோழி ஒருவரை எழுதச் சொல்லி, வாயால் சொல்லித்தான் உருவாக்கினார். பிறகு 'ஜகன்மோகினி'யை நடத்தி நூற்றுக்கு மேற்பட்ட நாவல்களை எழுதியவர் அவர். நான் முத்தக் காட்சிகளை மட்டும் தட்டச்சு செய்துவிடுவேன். பால்கனியில் நின்று சொன்னால் கீழே காக்கூவுக்குப் புரியாதுதான், ஆனால் மேல் மாடியில் ஒரு மதுரைக் குடும்பம் குடிவந்திருக்கிறது.

கதையைச் சுபமாக முடித்த அன்று ஒரு வெறுமை வரும். எல்லாரும் சொல்வதுதான், அதை நான் நீட்டவில்லை. அதற்கு மருந்து வாசகிகளே அனுப்பிவிடுவார்கள். இப்போதைய மோஸ்தர், அடுத்த தலைமுறைக் கதை. போன மாதம் முடித்த நாவலின் கடைசி அத்தியாயத்தில் நாயகிக்கு மசக்கை என்று ஒரு வரி எழுதியிருந்தேன். பையன் பிறந்தால் அப்பா மாதிரியே கோபக்காரனாக இருக்கட்டும், பெயர் 'அ'வில் தொடங்கட்டும், புனேயில் வேண்டாம், கொடைக்கானலில் வைத்து எழுதுங்கள் என்று ஒரு வாசகி எழுதியிருக்கிறார். இன்னொருவர் அவனுக்குப் பெண்ணும் பார்த்துவிட்டார். நோட்டின் முதல் பக்கத்தில் கேள்வியை எழுதிவைத்திருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை, இருவருக்கும் ஜாதகப் பொருத்தம்கூட நன்றாக இருக்கிறதாம்.